ஸ்ட்ரூப் டேட்டாவில் பி மதிப்பு அடம்பிடித்த கதை

முதுகலை ப்ராஜெக்ட்டுக்காக 32 பேரிடம் ஸ்ட்ரூப் சோதனை எடுத்திருந்தேன். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை நிறத்தில் காட்டினால் நிறத்தைச் சொல்லத் தாமதமாகும், 1935-லிருந்து திரும்பத் திரும்ப வருகிற முடிவு. எனக்கும் சொல்லும் நிறமும் முரண்படும் நிலைக்கும் முரண்படாத நிலைக்கும் சராசரியில் 60 மில்லிசெகண்ட் வித்தியாசம் வந்தது, ஆனால் பேர்டு டி-டெஸ்ட்டில் (ஒவ்வொருவரின் இரண்டு நேரங்களையும் ஜோடியாக ஒப்பிடும் சோதனை) பி 0.09. வித்தியாசம் வெறும் தற்செயல் இல்லை என்று சொல்ல வழக்கமாக அது 0.05-க்குக் கீழே வரணும்.

200 மில்லிசெகண்டுக்குக் கீழே இருந்த பதில்களை நீக்கினேன், நேரங்களுக்கு லாக் (மடக்கை) எடுத்தேன், வில்காக்ஸன் என்ற இன்னொரு டெஸ்ட்டும் போட்டுப் பார்த்தேன் (பிடித்த முடிவு வரும்வரை டெஸ்ட்டை மாற்றுவது தப்பு என்று தெரிந்தேதான்). மூன்று நாள் வீண்.

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் டி-டெஸ்ட் அட்டவணைக்கு மேலே இன்னொரு சின்ன அட்டவணை வரும், இரண்டு நிலைகளுக்கும் இடையிலான கோரிலேஷன் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு). அதை யார் பார்க்கிறோம்? அதில் 0.06 என்று இருந்தது. வேகமான ஆள் இரண்டிலும் ஓரளவு வேகமாகத்தானே இருக்கணும், இது எப்படி என்று அப்புறம்தான் உறைத்தது.

மூல ஃபைல்களைத் திறந்தால் ஒன்றில் ஐடி 1, 2, 3 என்று போகிறது, மற்றதில் 1, 10, 11, 12... 19 முடிந்து 2. அங்கே ஐடி டெக்ஸ்ட்டாகப் பதிவாகியிருந்தது, நான் பார்க்காமல் இரண்டு நெடுவரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டேன், ஒருவரின் நேரம் வேறொருவரின் நேரத்தோடு ஜோடியாகிவிட்டது. வரிசை கலைந்தாலும் சராசரி மாறாது, அதனால்தான் சந்தேகமே வரவில்லை.

இரண்டிலும் ஐடியை எண்ணாக்கி, அதை வைத்தே மெர்ஜ் செய்தேன். கோரிலேஷன் 0.80, பி 0.001-க்குக் கீழே, வித்தியாசம் அதே 60. இப்போதெல்லாம் ஐடி 01, 02 என்றுதான் கொடுக்கிறேன்.