மருந்தடித்த துணியை எப்படித் துவைப்பது

வயலில் மருந்தடித்துவிட்டு வந்த சட்டையை வீட்டுத் துணிகளோடு ஒரே வாளியில் ஊறப்போடாதீர்கள், மற்றதெல்லாம் அப்புறம். சட்டையில் இருக்கும் மருந்து தண்ணீரில் இறங்கி, பிள்ளைகளின் துணியில் ஏறிக்கொள்ளும். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மருந்து உடம்புக்குள் போக வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை, நனைந்த சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தாலே போதும்.

முதலில் டப்பாவைப் பாருங்கள். டபிள்யூபி (WP) என்று போட்டிருந்தால் அது தூள், பெரும்பாலும் நூலின் மேலேயே படிந்து நிற்கும், அலசினால் ஓரளவு சுலபமாகப் போய்விடும். ஈசி (EC) என்றால் எண்ணெய்ப் பசையுள்ள கரைசல், இழைக்குள் இறங்கிவிடும், அதிலும் பாலியெஸ்டர் கலந்த துணி அந்தப் பசையை லேசில் விடாது. தண்ணீர் கலக்காத மருந்து சட்டையில் கொட்டிவிட்டதா? துவைக்கவே வேண்டாம், உடனே கழற்றி ஒதுக்கிவிட்டு உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தச் சட்டையை இனி யாரும் போடக் கூடாது.

மருந்துபட்ட மற்ற துணிகளைக் கையுறை போட்டுக்கொண்டு தனியாக அலசுங்கள், அந்தத் தண்ணீர் கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ போகக் கூடாது. பிறகு சுமார் 60 டிகிரி வெந்நீரில், சோப்புத்தூளைத் தாராளமாகப் போட்டு, ஈசி என்றால் இரண்டு தடவை துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். மெஷினில் போட்டால் அடுத்து ஒருமுறை துணியில்லாமல் வெந்நீரும் சோப்பும் விட்டு ஓட்டுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகளில் குளோரின் பட்டால் முன்பைவிட விஷம் கூடிய பொருள் உண்டாகலாம்.

பருத்திச் சட்டைக்குக் கஞ்சி போடுவதை நான் எல்லோருக்கும் சொல்வேன். மருந்து நூலுக்குப் போகாமல் கஞ்சியில் மாட்டிக்கொள்ளும், அடுத்த துவைப்பில் கஞ்சியோடு சேர்ந்து போகும். அதனால் ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் திரும்பக் கஞ்சி போட வேண்டும்.

தோல் செருப்பு, பெல்ட், வாட்ச் பட்டை எதுவும் வயலுக்கு வேண்டாம், தோலுக்குள் இறங்கிய மருந்தைக் கழுவி எடுக்க முடியாது. ரப்பர் பூட்ஸும், உள்ளே துணி வைக்காத நைட்ரைல் கையுறையும் வாங்குங்கள். ஓட்டை இல்லாத கையுறையையும் மருந்து மெதுவாக ஊடுருவும், மெல்லிய ரகம் என்றால் ஒரு நாளோடு சரி. கழற்றுவதற்கு முன், கையில் இருக்கும்போதே கையுறையின் வெளிப்பக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.