கூடாத தொடை எலும்பு: மறு அறுவைக்கு முன்னும் பின்னும்

தொடை எலும்பு முறிந்து அதன் உள்ளே கம்பி வைத்து ஆறேழு மாதம் கழிந்தும், காலை ஊன்றும்போது முறிந்த இடத்தில் வலி தீரவில்லை என்றால், மெல்லக் கூடிவிடும் என்று நாள் தள்ளிக்கொண்டிருக்க வேண்டாம். 9 மாதம் ஆகியும் சேராமல், கடைசி 3 மாத எக்ஸ்ரே படங்களில் எந்த முன்னேற்றமும் தெரியாவிட்டால், எலும்பு கூடவில்லை என்று மருத்துவர்கள் பொதுவாக முடிவு செய்கிறார்கள். கம்பியோ திருகாணியோ உடைந்துவிட்டால் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை.

மறு அறுவைக்குச் சம்மதிக்கும் முன், எலும்பு ஏன் கூடவில்லை என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காரணத்தைப் பொறுத்தே அறுவையின் வகை அமையும். எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் புது எலும்பு யானையின் பாதம்போலப் பருத்து, நடுவே மட்டும் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால், அங்கே ரத்த ஓட்டம் இருக்கிறது, பிடிமானம்தான் போதவில்லை. முனைகள் மெலிந்து மழுங்கியிருந்தால் எலும்பின் உயிர்ப்பே குறைந்துவிட்டது என்று பொருள்.

தொடையின் நடுப்பகுதியில் பிடிமானக் குறை மட்டும் இருந்தால், பழைய கம்பியை எடுத்துவிட்டு, எலும்பின் நடுவே உள்ள மஜ்ஜைக் குழலைக் குடைந்து அகலப்படுத்தி, 1 முதல் 2 மி.மீ. வரை பருமன் கூடிய புதுக் கம்பியைச் செலுத்துவார்கள். குடையும்போது உதிரும் எலும்புத் துகளே முறிவில் ஒட்டுபோல (இடைவெளியை நிரப்பிக் கூடவைக்கும் எலும்புபோல) உதவுகிறது. முழங்காலை ஒட்டிய முறிவில் குழல் அகன்றிருப்பதால் பருமனான கம்பியும் ஆடக்கூடும். அங்கே கம்பியை எடுக்காமலே பக்கவாட்டில் ஒரு பிளேட் (உலோகத் தகடு) பொருத்துவது உண்டு. உயிர்ப்பு குறைந்த முறிவுக்கு இடுப்பெலும்பிலிருந்து எடுத்த ஒட்டும் தேவைப்படும்.

சீழ் உள்ள முறிவுதான் மிகுந்த பொறுமையைக் கேட்பது. வெளியே புண் ஆறியிருந்தாலும் உள்ளே கிருமி இருக்கலாம் என்பதால், அறுவைக்கு முன் உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளையும், அறுவையின்போது ஆழத்திலிருந்து பல திசு மாதிரிகளையும் எடுப்பார்கள். கிருமி உறுதியானால், கெட்ட எலும்பை அகற்றி, ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்டை இடைவெளியில் வைத்து, 6 முதல் 8 வாரம் கழித்து, அதைச் சுற்றி உருவான சவ்வுக்குள் எலும்பு ஒட்டை நிரப்புவது ஒரு முறை. இழந்த நீளம் அதிகமென்றால் காலுக்கு வெளியே நின்று கம்பிகளால் எலும்பைப் பிடிக்கும் இலிசரோவ் வளையம் பொருத்துவார்கள்: இடைவெளியை நிரப்ப, வெட்டிய எலும்புத் துண்டை நாளுக்கு 1 மி.மீ. நகர்த்த, வீட்டில் ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் (0.25) மி.மீ. அளவு திருகைத் திருப்ப வேண்டும். தோலுக்குள் நுழையும் ஒவ்வொரு கம்பியின் அடியையும் சொல்லிக்கொடுத்தபடி துடைத்து, சிவப்போ கசிவோ தென்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகிறவர்கள், முதல் நாள் எக்ஸ்ரேயிலிருந்து எல்லாப் படங்களையும் தேதி வரிசையில் எடுத்துச் செல்லுங்கள். முதல் அறுவைக் குறிப்பில் கம்பியின் நிறுவனமும் அளவும் எழுதியிருக்கும். அது தெரியாவிட்டால் பழைய கம்பியைக் கழற்றப் பொருந்தும் கருவியைத் தேடுவதே பெரும்பாடாகிவிடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், உங்களுக்கான அறுவை திட்டத்தில் அடங்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, வைட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். பீடியையும் சிகரெட்டையும் முற்றிலும் விடுங்கள். புகை எலும்பு கூடுவதைக் கெடுக்கும். குமரி மண்ணில் வர்ம ஆசான்மார் மீது மக்களுக்குள்ள மதிப்பு ஆழமானது. ஆனாலும் உள்ளே கம்பி இருந்து முறிவு இன்னும் அசையும் காலை இழுத்துத் தடவ யாரையும் அனுமதிக்காதீர்கள்.

அறுவைக்குப்பின் எத்தனை பாரம் ஊன்றலாம் என்பதை மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வார். முழங்கால் மடக்கும் பயிற்சியை வலிக்கிறதென்று விட்டுவிடக் கூடாது. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், நான்கு பக்கங்களில் மூன்றிலாவது எலும்பு பாலமிட்டிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்து, மருத்துவரும் அனுமதித்த பிறகே இருட்டு விலகாத ஈரச்சரிவில் ஏற வேண்டும். இடையில் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு தையல் கசிந்தாலோ, மூச்சு திணறினாலோ, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.