நல்லது செய்யும் தொழிலில் கணக்கு தப்பும் இடங்கள்

லாபத்துக்காக மட்டும் கடை போடுகிறவர் பத்து முறை கூட்டிக் கழித்துப் பார்ப்பார். ஊருக்கும் இயற்கைக்கும் நல்லது செய்ய வந்தவருக்குப் பல நேரம் அந்தச் சந்தேகமே வருவதில்லை. யோசனை நல்லதாக இருக்கும்போது கணக்குக் கேட்கவே கூச்சமாக இருக்கும், அதுதான் காரணம்.

தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய 'பிளேபம்ப்' என்ற தண்ணீர்ப் பம்பைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பிள்ளைகள் ராட்டினம் சுற்றுவார்கள். அந்தச் சுழற்சியில் நிலத்தடி நீர் மேலே உள்ள தொட்டிக்கு ஏறும். தொட்டியைச் சுற்றி விளம்பரப் பலகைகள், அந்த வருமானத்தில் பராமரிப்பு. கேட்டவுடனே பிடித்துப்போகும். 2006இல் அமெரிக்காவிலிருந்து பெருந்தொகை தருவதாக வாக்குறுதியும் வந்தது.

ஒரு பம்பு 2,500 பேருக்கு என்றார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் வைத்தாலே 37,500 லிட்டர் ஆகிறது. பம்பு இறைப்பது மணிக்குச் சுமார் 1,400 லிட்டர். வகுத்துப் பாருங்கள், பிள்ளைகள் தினமும் ஏறக்குறைய 27 மணி நேரம் விளையாட வேண்டும்! பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பெண்களே அந்த ராட்டினத்தைத் தள்ள வேண்டியிருந்தது. காசில்லாத கிராமத்தில் விளம்பரம் கொடுக்க யார் வருவார்கள்? பலகை காலியாகக் கிடந்தால் பழுது பார்க்கவும் பணம் இல்லை. இத்தனைக்கும் சாதாரண அடிபம்பைவிட இதன் விலை பல மடங்கு.

தண்ணீர் பிடிக்கிறவர் ஒருவர், பம்பைப் பார்த்து மயங்கிக் காசு கொடுக்கிறவர் வேறொருவர். இப்படிப் பிரிந்திருக்கும் தொழிலில் குறை சொல்லும் குரல் முதலாளியின் காதுக்கு வந்து சேராது. பயன்படுத்துகிறவர் 'வேண்டாம்' என்று சொல்ல ஏதாவது வழி வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

'ஒன்று வாங்கினால் ஒன்று தானம்' என்பதும் இதே வகைதான். ஒருவர் ஒரு ஜோடி வாங்கினால் ஏழைப் பிள்ளை ஒன்றுக்கு இன்னொரு ஜோடி இலவசம். டாம்ஸ் காலணி நிறுவனம் 2006இல் இதைத் தொடங்கி, பிறகு கைவிட்டு, லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுப்பது என்று மாற்றிக்கொண்டது. காலணி நல்ல பொருள்தான். ஆனால் அதைப் பெறும் பிள்ளைகளுக்கு முதல் தேவை அதுதானா?

அடுத்தது, 'இயற்கையானது' என்ற சொல்லை நம்பி ஏமாறுவது. டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018இல் கடைகளில் பொருள் வாங்கிப் போகும் பைகளை ஒப்பிட்டது. தண்ணீர், ஓசோன் படலம் என எல்லாப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால், ஆர்கானிக் பருத்திப் பையை 20,000 முறை பயன்படுத்தினால்தான் கடையில் தரும் ஒரு சாதாரண பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும். தினமும் ஒரு முறை என்றால் 54 ஆண்டுக்கு மேல். பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால் 149 முறை போதும். கடலில் மிதக்கும் குப்பை இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் பிளாஸ்டிக் நல்லது என்று ஆகிவிடாது. ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் பருத்திப் பையை இலவசமாக அள்ளிக் கொடுப்பது பசுமைத் தொழிலும் ஆகாது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதிலே மாறிவிடுகிறது. சாதகமான எண்ணை மட்டும் அட்டையில் அச்சிடுவது சுத்தப் பித்தலாட்டம்.

சரி, பொருளை விற்காமல் வாடகைக்கு விட்டால்? இன்டர்ஃபேஸ் என்ற கார்பெட் நிறுவனம் 1990களில் இதைச் செய்து பார்த்தது. தேய்ந்த துண்டை மட்டும் அவர்களே மாற்றிக் கொடுத்து, பழையதை மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். அருமையான திட்டம், ஆனால் வாடிக்கையாளர்கள் அதிகம் வரவில்லை. வாங்கும் செலவு ஒரு தலைப்பில், சுத்தம் செய்யும் செலவு இன்னொரு தலைப்பில் என்று அலுவலகங்கள் கணக்கு எழுதின. இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவருக்கு மாத வாடகை அதிகமாகத்தான் தெரியும். வாங்குகிறவர் கணக்கு எழுதும் முறையைப் பார்க்காமல் தொழிலை வடிவமைத்தால் இந்தக் கதிதான்.

அப்புறம், பலர் தள்ளிப்போடும் கேள்வி ஒன்று உண்டு: நாளைக்குக் கம்பெனி யார் கையில் இருக்கும்? படகோனியா என்ற அமெரிக்க ஆடை நிறுவனத்தின் நிறுவனர் இவோன் ஷுனார்ட் 2022இல், முடிவெடுக்கும் உரிமை தரும் வாக்குரிமைப் பங்குகளை ஓர் அறக்கட்டளைக்கும், மற்ற 98 சதவீதத்தைச் சுற்றுச்சூழலுக்காகச் செலவிடும் அமைப்புக்கும் மாற்றினார். மொத்தப் பங்கும் குடும்பத்திடமே இருந்ததால் அது முடிந்தது. முதலீட்டாளர் பணத்தை வாங்கிய பிறகு அப்படிச் செய்ய நினைத்தால், அவர்களும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.