ஒரே ஒரு ஸ்வரம் மாறுகிறது: ‘ஆட்டம் லீவ்ஸ்’ கார்ட்களை (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) பிரிப்பது எப்படி

கர்நாடக சங்கீதம் படித்துவிட்டு இந்திராநகர் பக்கம் ஜாஸ் ஜாமுக்கு, அதாவது கூடி வாசிக்கும் இடத்துக்கு, போகிறவர்களுக்கு ஸ்வரஞானம் ஒரு குறையுமில்லை. இடறுவது ஒரே இடத்தில்தான்: ஸட்ஜம் அசையாது என்ற பழக்கம். ஜாஸில் எட்டு பாருக்குள்ளேயே (பார் என்றால் இங்கே நான்கு எண்ணிக்கை) அது இடம் மாறிவிடும்.

ஜோசப் கோஸ்மா மெட்டமைத்த ‘ஆட்டம் லீவ்ஸ்’ (Autumn Leaves) பாட்டையே எடுத்துக்கொள்வோம். 32 பார், எட்டெட்டாக நான்கு பகுதி. முதல் பகுதியே மறுபடி ஒருமுறை வரும். இங்கே ஜி மைனரில் பார்ப்போம். ஈ மைனரிலும் வாசிப்பார்கள், அதனால் ஆரம்பிக்குமுன் கேட்டுவிடுங்கள்.

முதல் எட்டு பார்: சி மைனர் 7, எஃப் 7, பி ஃபிளாட் மேஜர் 7, ஈ ஃபிளாட் மேஜர் 7, ஏ மைனர் 7 ஃபிளாட் 5, டி 7, பிறகு இரண்டு பார் ஜி மைனர். (ஃபிளாட் என்றால் அரை ஸ்வரம் கீழே, ஷார்ப் என்றால் அரை ஸ்வரம் மேலே.)

கார்டுக்கு ஒரு ஸ்கேல் என்று தேடிக்கொண்டிருந்தால் விரல்தான் ஓடும், பாட்டு நகராது. பென்சிலால் இரண்டு வளையம் போடுங்கள். முதல் நான்கு பார், பி ஃபிளாட்டை ஸட்ஜமாக வைத்த சங்கராபரணம். அடுத்த நான்கு, ஜி-யை ஸட்ஜமாக வைத்த கீரவாணி. ஒப்பிட்டுப் பாருங்கள்: ஆறு ஸ்வரம் பொது, எஃப் மட்டும் எஃப் ஷார்ப் ஆகிறது. டி 7 வரும்போது எஃப்-இல் போய் நின்றால் பியானோவின் எஃப் ஷார்ப்போடு உரசும். தொட்டுவிட்டு நகர்ந்தால் அதுவே ப்ளூஸ் வாசனை!

அடுத்து, கார்டின் 3, 7-ஆம் ஸ்வரங்களிலிருந்து (கார்டின் பெயரில் உள்ள ஸ்வரத்தை 1 என்று வைத்து எண்ணுங்கள்) பாருக்கு ஒன்று: பி ஃபிளாட், ஏ, ஏ, ஜி, ஜி, எஃப் ஷார்ப், கடைசியில் மட்டும் ஜி மைனரின் அடி ஸ்வரமான ஜி. கருவியைத் தொடாமல் முதலில் பாடுங்கள். மெட்ரோனோமை 40-இல் வைத்து, அந்தத் தட்டு 2, 4-ஆம் எண்ணிக்கையில் விழுவதாக எண்ணினால் வேகம் 80. தட்டு 1-க்கு நழுவினால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

மூன்றாம் பகுதியில் புதிதாக ஒன்றுமில்லை. கீரவாணி முந்துகிறது, அவ்வளவுதான். சிக்கல் கடைசிப் பகுதியில். அங்கே பாருக்கு இரண்டு கார்டாக ஜி மைனர் 7, ஜி ஃபிளாட் 7, எஃப் மைனர் 7, ஈ 7 என்று அரை அரை ஸ்வரமாக இறங்கும். ஜி ஃபிளாட் 7 என்பது சி 7-க்குப் பதில் வந்தது. இரண்டின் 3, 7-ஆம் ஸ்வரங்களும் அதே ஈ, பி ஃபிளாட்தான், இடம் மட்டும் மாறியிருக்கும். அதனால் ஈ, பி ஃபிளாட் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால், பியானோக்காரர் இதில் எதை வாசித்தாலும் ஒத்துப்போகும்.