மஞ்சள் கார்ட்டுக்குப் பெட் கட்டுற பெடியள் விடுற பிழையள்

எங்கட கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கப் பெடியள் கனபேர் இப்ப ஃபுட்போல் மட்ச்சில ஆர் வெல்லுவினம் எண்டதை விட்டிட்டு ஆருக்கு மஞ்சள் கார்ட் விழும் எண்டுதான் பெட் கட்டுறாங்கள். கட்டாதேங்கோ எண்டதுதான் என்ர விருப்பம், ஆனா கட்டுறவன் கட்டத்தான் போறான், அதால காசு எங்க போகுது எண்டதையாவது சொல்லிவிடுறன்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பரந்தனில தலைமயிர் வெட்டப் போய் இருக்கேக்க பக்கத்துக் கதிரையில இருந்த தம்பி "அண்ணை வெண்டிட்டன்" எண்டு ஃபோனைத் தூக்கிக் காட்டினான். அவன் கட்டின பிளேயருக்குக் கார்ட் காட்டினது உண்மைதான், ஆனா காட்டினது கடைசி விசில் ஊதினாப் பிறகு, ரெஃபரியோட வாய்த்தர்க்கப்பட்டதுக்கு. கொஞ்ச நேரத்தில பெட் தோல்வி எண்டு வந்திட்டுது. ரெண்டாயிரம் ரூபா, வயலுக்கு மருந்தடிச்ச கூலிக்காசு, பெடியன்ர முகத்தைப் பாக்க ஏலேல்ல. கனக்கப் பெட் சைட்டுகளில விசிலுக்குப் பிறகு காட்டுற கார்ட் கணக்கில்ல, கோச்சுக்குக் காட்டினாலும் கணக்கில்ல. மட்ச்சில விழுற கார்ட்டுகளுக்குப் புள்ளி போட்டுக் கூட்டுற கணக்கில கட்டுறவையும் வழமையா மஞ்சளுக்கு 10, சிவப்புக்கு 25, ரெண்டு மஞ்சள் வாங்கி வெளிய போனா 35தான் (ரெண்டாவது மஞ்சளை எண்ணுறேல்ல), 45 இல்ல எண்டதை வடிவா வாசிச்சிட்டுக் கட்டுங்கோ, சைட்டுக்குச் சைட் மாறும்.

அடுத்தது கோவக்காரன் எண்ட பேரைப் பாத்துக் கட்டுறது. 2006 உலகக்கிண்ணத்தில போர்த்துக்கலும் நெதர்லாந்தும் விளையாடேக்க 16 மஞ்சள், 4 சிவப்பு, அதை இண்டைக்கும் கதைக்கிறம், ஆனா அப்பிடி மட்ச் அத்திபூத்தாப்போலதான் வரும். எங்கட ஊர்க் கிரவுண்டிலயே பாருங்கோ, கார்ட் வாங்கிறது கோவக்காரன் இல்ல, வேகமா ஓடுற விங்கரைப் பிடிக்க ஏலாம சேர்ட்டில இழுக்கிற பின்வரிசைக்காரன். அண்டைக்கு ரெஃபரி ஆர் எண்டதும் பெரிய விசயம், ஆனா அதைச் சைட்காரன் உங்களுக்கு முதலே பாத்துத்தான் விலை (வெண்டா எத்தினை மடங்கு தாறதெண்டு) போடுறான்.

விலையில ஏமாறுறதுதான் எல்லாத்திலயும் பெரிசு. ஒருத்தன் 30 மட்ச்சில 5 மஞ்சள் எடுத்திருக்கிறான், அதாவது ஆறு மட்ச்சுக்கு ஒண்டு, சைட் 4 மடங்கு தருதெண்டு வைப்பம். ஆறு தரம் நூறு நூறாக் கட்டினா 600, ஒருக்கா வெண்டா கைக்கு வாறது 400. நாலு மடங்கெண்டு கேக்க நல்லாத்தான் இருக்கும், கணக்குப் போட்டா இருநூறு போச்சு.

வட்ஸ்அப்பில "உள்ளுக்க இருந்து தகவல், இண்டைக்கு இவனுக்குக் கார்ட் நிச்சயம்" எண்டு காசு கேக்கிறவங்களை நம்பாதேங்கோ. அப்பிடிச் சம்பவம் நடக்கிறேல்ல எண்டு சொல்லேல்ல, இங்கிலாந்தில லிங்கன் சிட்டி கிளப்பில விளையாடின பிராட்லி வூட் 2017 இல எஃப்.ஏ. கிண்ண மட்ச் ரெண்டில வேணுமெண்டு கார்ட் வாங்கினவர் எண்டு அடுத்த வருசம் 6 வருசத் தடை போட்டவை. அந்தத் தகவல் அவருக்குத் தெரிஞ்ச ஆக்களுக்குப் போனது, முல்லைத்தீவில இருக்கிற எங்களுக்கு ஆரும் ஐநூறு ரூபாவுக்கு விக்கமாட்டினம்.

பிறகு சாமம் ஒண்டரைக்குத் தொடங்கிற சாம்பியன்ஸ் லீக், நித்திரைக் கண்ணோட முதல் பாதியில விட்டதை ரெண்டாம் பாதியில பிடிக்கிறன் எண்டு திரும்பத் திரும்பக் கட்டுறது. விதைநெல்லுக்கு வைச்ச காசு, அம்மான்ர கிழமைக்கடன் கட்டுக்காசு, அதில கை வைச்சிட்டீங்கள் எண்டா இன்னொரு பெட்டில எடுக்கலாமெண்டு நிக்காம விடியவே வீட்டில சொல்லுங்கோ, லோன்காரர் படலையில வந்து நிண்டு சொல்லி அம்மா அறியிறதவிட அது லேசு.