அடி வாங்குகிறவரை வடிவாகப் பாருங்கள்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. கனடாவில் இருந்து பெரிய மாமா அனுப்பும் ரெஸ்லிங் கசெட்டுகளை அங்கேதான் பார்ப்போம். அவை வட அமெரிக்க ரிவிகளின் என்.ரி.எஸ்.சி. முறையில் பதிந்தவை. எங்கள் டெக் அதை ஓட்டும், இங்கத்தைய PAL முறை ரிவிக்கு அந்த நிறம் பிடிபடாது. அதனால் ராண்டி சவேஜையும் ரிக்கி ஸ்டீம்போட்டையும் நான் முதலில் பார்த்தது கறுப்பு வெள்ளையில். வர்ணனையின் வேக ஆங்கிலம் எனக்கு விளங்காது. விளங்குகிற நேரத்தில் கரையோரக் கோச்சி வந்து சத்தத்தை விழுங்கிவிடும். மிஞ்சியது இரண்டு உடம்புகளும் அவற்றைச் சுற்றியிருந்த சனமும்தான். இன்றைக்கும் ஒரு மட்ச்சைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த இரண்டையும்தான் முதலில் தேடுகிறேன்.

போன மாதம் தங்கச்சியின் மகன் வந்து கேட்டான்: "மாமா, பழைய மட்ச் ஒண்டுக்கு விமர்சனம் எழுதிறதெண்டால் எங்க இருந்து தொடங்கிறது?" அவனுக்குப் பதினாறு வயது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் "இது பொய்தானே" என்ற கேள்வியை முடித்துவிடுங்கள். யார் வெல்வது என்று முன்கூட்டியே தீர்மானித்த ஆட்டம் இது. 1989 பெப்ரவரியில் நியூ ஜெர்சி மாநில செனட்டுக்கு முன்னால் இந்த ஆட்டங்களை நடத்திய டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே இது கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டுத் துறைக் கட்டுப்பாடுகளில் இருந்து விலக்குப் பெறுவதற்காக அப்படிச் சொன்னார்கள். கூத்துப் பார்க்கப் போகிறவர் யார் சாகப் போகிறார் என்று தெரிந்துதான் போகிறார். அண்ணாவியார் அந்தச் சாவை எப்படிக் கொண்டு வருகிறார் என்று விடிய விடிய இருந்து பார்க்கிறார். விமர்சகரின் வேலையும் அதுதான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: றிங்கின் கன்வஸுக்குக் கீழே மெல்லிய பஞ்சும் அதற்குக் கீழே பலகையும் இரும்பும்தான் இருக்கின்றன. முடிவு எழுதி வைத்தது, விழுகிற விழுக்காடு உண்மையானது. டைனமைட் கிட் என்ற பிரித்தானிய வீரர் தன் கடைசிக் காலத்தைச் சக்கர நாற்காலியில் கழித்தார். மேலே இருந்து தலையால் பாய்கிற அவருடைய பாய்ச்சலைப் பாராட்டி எழுதும்போது அதுவும் உங்கள் மனதில் இருக்க வேண்டும்.

அடுத்தது, கையில் இருக்கும் பிரதி முழுமையானதா என்று பாருங்கள். அக்காலக் கசெட்டுகளில் பல மட்ச்சுகள் வெட்டித்தான் வந்தன. தொடக்க மணியில் இருந்து முடிவு மணி வரை கடிகாரம் வைத்து அளந்துவிட்டு, பதிவான நேரத்தோடு ஒப்பிடுங்கள். டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இன் பெரிய வருடாந்த நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியாவில், மூன்றாவதில் நடந்த சவேஜ்–ஸ்டீம்போட் மட்ச் ஏறக்குறைய பதினாலரை நிமிடம். உங்களிடம் இருப்பது பத்து நிமிடம் என்றால் அதைப் பற்றி எழுத வேண்டாம். எனக்கு இந்தப் பாடம் கசப்பாக வந்தது. மாமாவின் கசெட்டுகளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியபோது டிஸ்கில் ஏற்றித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். இடம் மிச்சம் பிடிக்க அவர்கள் எல்லா மட்ச்சிலும் வீரர்கள் நடந்து வரும் பகுதியை வெட்டிவிட்டார்கள். கேட்டால், "சண்டை முழுக்க இருக்குத்தானே அண்ணை" என்றார்கள். ஆந்த்ரே த ஜயன்ட் அந்தச் சின்ன வண்டியில் ஏறி, சனம் கூவக் கூவ றிங்குக்கு வருவது சண்டையின் பாதி என்று அவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

பிறகு, முன்கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வரி போதும், ஆனால் அந்த இரண்டு வரியும் வேண்டும். 1986 நவம்பரில் சவேஜ், றிங் மணியை எடுத்து ஸ்டீம்போட்டின் தொண்டையை நசுக்கினார் என்பது கதை. 1987 மார்ச் 29 அன்று மிச்சிகன் மாநிலத்தின் பொன்டியாக் சில்வர்டோமில் இருவரும் இன்டர்கொன்டினென்டல் பட்டத்துக்காக மோதியபோது, அங்கு வந்திருந்த சனத்துக்கு அந்தத் தொண்டை நினைவில் இருந்தது. அது தெரியாமல் பார்த்தால், சவேஜ் திரும்பத் திரும்ப ஏன் தொண்டைக்கே போகிறார், ஸ்டீம்போட் தொடக்கத்திலேயே இரண்டு கையாலும் சவேஜின் கழுத்தைப் பிடித்து ஏன் அந்தரத்தில் தூக்குகிறார் என்பதெல்லாம் வெறும் அடியாகவே தெரியும். தெரிந்து பார்த்தால் அது கடன் தீர்க்கிற கணக்கு.

இனிப் பார்க்கும் முறை. நான் ஒரு மட்ச்சை மூன்று தரம் பார்ப்பேன். முதல் தரம் கொப்பியும் பேனையும் இல்லாமல், பிளேன்ரீ ஒன்றை வைத்துக்கொண்டு, சும்மா ஒரு ரசிகனாக. எங்கே என்னை அறியாமல் கதிரை நுனிக்கு வந்தேன் என்பது மட்டும் நினைவில் நின்றால் போதும்.

இரண்டாம் தரம் சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். இதுதான் முக்கியமான தரம். இப்போது அடிக்கிறவரை விட்டுவிட்டு அடி வாங்குகிறவரைப் பாருங்கள். அடிப்பதைப் பழகலாம். அடியின் விலையைக் காட்டுவதுதான் கலை. தொழிலில் இதைச் "செல்லிங்" என்பார்கள். அடிபட்ட கை ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் அடிபட்ட கையாக இருக்கிறதா? எழும்பும்போது எந்தக் காலில் பாரம் போடுகிறார்? தான் அடிக்கிற நேரத்திலும் தன் நோவை மறக்காமல் இருக்கிறாரா? ஸ்டீம்போட் இதில் ஒரு மேதை. தொண்டையில் அடி விழுந்த பிறகு அவருடைய வாய் திறந்தபடியே இருக்கும். மூச்சு மேல் நெஞ்சில் மட்டும் நிற்கும். சத்தமில்லாமல் பார்க்கும்போதுதான் அது முழுதாகத் தெரியும். கறுப்பு வெள்ளையில் பார்த்த காலத்தில் அவருக்கு உண்மையிலேயே ஏதோ நடந்துவிட்டது என்று நானும் தங்கச்சியும் பயந்தோம்.

மூன்றாம் தரம் கொப்பியோடு. நேரத்தை இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் நடந்ததை எழுதுவேன். எல்லா அடியையும் எழுத வேண்டாம், திருப்பங்களை மட்டும் எழுதுங்கள். எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்தி வைத்திருக்க, மத்தியஸ்தர் மூன்று வரை எண்ணி முடித்தால் வெற்றி; இரண்டோடு நின்றால் ஆட்டம் தொடரும். சவேஜ்–ஸ்டீம்போட் மட்ச்சுக்கு என் கொப்பியில் இருப்பது இவ்வளவுதான்: கழுத்தைப் பிடித்துத் தூக்கினது. தொண்டைக்குப் போனது. இரண்டு எண்ணிக்கை, இரண்டு எண்ணிக்கை, இரண்டு எண்ணிக்கை. மத்தியஸ்தர் விழுந்தது. மேலே இருந்து சவேஜின் முழங்கை, எண்ண ஆளில்லை. மணி. ஜோர்ஜ் ஸ்டீல். சவேஜ் தூக்க, ஸ்டீம்போட் சுருட்ட, மூன்று.

கடைசி மூன்று வரியைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பாருங்கள். சவேஜ் மறுபடியும் அந்த மணியை எடுக்கிறார், அதே மணி, அதே தொண்டைக்கு. ஸ்டீம்போட்டின் பக்கம் நின்ற ஜோர்ஜ் "த அனிமல்" ஸ்டீல், மணியோடு கயிற்றின் மேல் நின்ற சவேஜைத் தள்ளி விழுத்துகிறார். எழும்பிய சவேஜ் ஸ்டீம்போட்டைத் தூக்கி அடிக்கப் பார்க்கிறார். தூக்குகிற அந்த நேரத்திலேயே ஸ்டீம்போட் அவரைச் சுருட்டி விழுத்துகிறார். ஸ்மோல் பெக்கேஜ் என்கிற பிடி. பார்க்க எளிய, பழைய பிடி. தொண்டையை நசுக்கிய மணியே பழியையும் தீர்த்து வைத்தது. சவேஜ் இந்த மட்ச்சை ஒவ்வோர் அடியாக எழுதி வைத்து, ஸ்டீம்போட்டோடு சேர்ந்து பாடமாக்கியவர் என்று ஸ்டீம்போட்டே சொல்லியிருக்கிறார். இத்தனை பாடமாக்கியும் அது பாடமாகத் தெரியாததுதான் அதன் வெற்றி என்று நான் எழுதுவேன்.

சத்தத்தைத் திரும்பப் போடும்போது வர்ணனையாளர்களையும் எடைபோடுங்கள். கொரில்லா மொன்சூன் நல்லவர் பக்கம் நிற்பார், ஜெஸி வென்சுரா கெட்டவர் பக்கம் வாதாடுவார். வென்சுரா சொல்வதில் பல நேரம் நியாயம் இருக்கும். ஸ்டீல் தள்ளியது சரியா? விதிப்படி பார்த்தால் சரியில்லை. இதை எழுதாமல் விட்டால் உங்கள் விமர்சனம் ரசிகர் கடிதமாகிவிடும். சனத்தின் சத்தத்தையும் கேளுங்கள். 1981 ஏப்ரல் 23, டோக்கியோ குராமே கொகுகிக்கான் மண்டபத்தில் டைகர் மாஸ்க் என்ற புலி முகமூடியோடு ஜப்பானிய வீரர் சடோரு சயாமா முதன்முதலாக டைனமைட் கிட்டை எதிர்த்து வந்தார். சனம் முதலில் அந்த முகமூடியை எப்படிப் பார்க்கிறது, முடிவில் எப்படிப் பார்க்கிறது என்பதைக் கேட்டுப் பாருங்கள். ஜப்பான் மொழி தெரிய வேண்டியதில்லை.

நட்சத்திரம் கொடுப்பது பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ரெஸ்லிங் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்சர் சவேஜ்–ஸ்டீம்போட்டுக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்தார். கொடுப்பதென்றால் கடைசியில் கொடுங்கள். எண்ணை முதலில் போட்டுவிட்டால் எழுத்து அதற்குச் சாட்சி தேடத் தொடங்கிவிடும்.

மெதுவான மட்ச்சுகளில் அவசரப்பட வேண்டாம். நான் முதன்முதலாக எழுதிய விமர்சனம் ரெஸ்ல்மேனியா 3 இரவின் கடைசி மட்ச்சைப் பற்றியது, ஹல்க் ஹோகனும் ஆந்த்ரேயும். ஆந்த்ரே அசையவே இல்லை, சோம்பேறித்தனம் என்று எழுதினேன். அந்த எழுத்துக்காக இன்றைக்கும் வருந்துகிறேன். 1986இல் அவருக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. உடைக்குள்ளே பட்டி கட்டிக்கொண்டுதான் அன்று வந்தார். இப்போது அதே பன்னிரண்டு நிமிடத்தைப் பாருங்கள். தொடக்கத்திலேயே ஹோகன் அவரைத் தூக்கப் பார்த்து, முடியாமல், அவருக்குக் கீழே விழுகிறார். இரண்டு எண்ணிக்கை, மூன்று என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. அந்த விழுக்காட்டோடு ஹோகனின் முதுகு கதைக்குள் வருகிறது. அதற்குப் பிறகு ஆந்த்ரே அதிகம் நடக்கத் தேவையில்லை. அவர் மலைபோல நின்றால் போதும், சனம் மலையைத் தூக்க முடியுமா என்று காத்திருக்கும். அறிவித்த கணக்குப்படி 93,173 பேர். அந்த எண்ணிக்கை பற்றிச் சர்ச்சை உண்டு. ஆனால் கடைசியில் ஹோகன் அவரைத் தூக்கியபோது எழும்பிய சத்தம் பற்றி யாருக்கும் சர்ச்சை இல்லை. நோவோடு நின்ற ஒரு மனிதன் அந்தத் தூக்கலுக்குத் தன்னைக் கொடுத்தார். ஆகவே, ஒருவர் ஏன் இப்படி அசைகிறார் என்று தெரியும்வரை அவரைக் குறை எழுதாதீர்கள்.

தொடர் மட்ச்சுகளைத் தொடராகவே பாருங்கள். 1989இல் ரிக் ஃப்ளேயரும் ஸ்டீம்போட்டும் என்.டபிள்யூ.ஏ. என்ற இன்னோர் அமைப்பின் உலகப் பட்டத்துக்காக மோதிய மூன்றும் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். பெப்ரவரி 20 சிக்காகோவில் ஸ்டீம்போட் பட்டத்தை வென்றார். ஏப்ரல் 2 நியூ ஓர்லியன்ஸில் மூன்றில் இரண்டு விழுத்தல் என்ற கணக்கில் ஐம்பத்தைந்து நிமிடமளவில் ஆடி, பட்டத்தைக் காத்தார். மே 7 நாஷ்வில்லில் ஃப்ளேயர் அதைத் திரும்பப் பிடித்தார்.

இவற்றை நான் ஒழுங்காகப் பார்த்தது 2022இல், நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த காலத்தில். பகலில் போனைச் சார்ஜ் போட்டு வைத்து, இரவில் மொட்டைமாடியில் இருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன். சுற்றிவர ஓர் ஒளியும் இல்லை. நாஷ்வில் மட்ச்சின் பிற்பகுதியில் ஸ்டீம்போட்டின் காலில் அடிபடுகிறது. ஃப்ளேயர் அந்தக் காலையே தேடித் தேடிப் போகிறார், ஃபிகர் ஃபோர் என்ற கால் பூட்டைப் போடுகிறார். பழக்கப்படி அடி வாங்குகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு விட்ட பிறகும் அந்தக் கால் திரும்பவில்லை. ஸ்டீம்போட் ஃப்ளேயரைத் தூக்கி அடிக்கப் போகிறார். கால் மடிகிறது. ஃப்ளேயர் அவரைச் சுருட்டுகிறார். மூன்று.

அதே பிடி. சில்வர்டோமில் தன்னைத் தூக்கப் போன சவேஜை எதனால் விழுத்தினாரோ, இரண்டு வருடத்துக்குப் பிறகு தான் தூக்கப் போகும்போது அதனாலேயே விழுந்தார். திட்டமிட்டார்களோ தெரியாது, ஆனால் பார்க்கிறவருக்கு அது அங்கே இருக்கிறது. இருட்டில் தனியாக எழும்பி நின்றுவிட்டேன். கீழே இருந்து தங்கச்சி, "என்னண்ணா, கரண்ட் வந்திட்டுதே?" என்று கேட்டாள்.

எழுதும்போது அந்த எழும்பி நின்ற இடத்தில் இருந்து தொடங்குங்கள். மணி அடித்ததில் இருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டாம். அதை வாசகர் தானே பார்த்துக்கொள்வார். உங்களை எழுப்பிய கணத்தை முதல் பந்தியில் வைத்து, அது அங்கே வந்து சேர எந்தெந்த அடிகள் வழி போட்டன என்று பின்னோக்கிப் போங்கள். கொப்பியில் இடப்பக்கம் எழுதிய நேரங்கள் அப்போதுதான் உதவும். "அபாரம்", "மிரட்டல்" போன்ற சொற்களை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் உடம்பு என்ன செய்தது என்று எழுதுங்கள். "ஸ்டீம்போட் அபாரமாக நோவைக் காட்டினார்" என்பதைவிட, "அவர் வாயை மூடவே இல்லை" என்பது வாசகரின் தொண்டையைப் பிடிக்கும்.

மருமகன் முதலில் எடுத்தது நாஷ்வில் மட்ச்சைத்தான். நேற்றுப் பின்னேரம் கொப்பியைக் கொண்டு வந்து காட்டினான். முதல் இரண்டு பக்கமும் ஃப்ளேயரின் அடிகளின் பெயர்கள். மூன்றாம் பக்கத்தில், நேரம் போட்டு, ஒற்றை வரி: "கயிற்றைப் பிடிச்சுத்தான் எழும்புறார், முதல் அப்பிடி எழும்பேல்லை." முன் பக்கங்கள் இரண்டையும் கிழிக்கச் சொல்லிவிட்டு, அந்த வரியில் இருந்து தொடங்கச் சொன்னேன்.