பூவரசம் பலகையில் ஓர் அச்சு: வசில் ஸகாரியெவின் வழியில்

பல்கேரியாவின் சமோக்கோவ் நகரில் 1895இல் பிறந்த வசில் ஸகாரியெவ், ஜேர்மனியின் லைப்சிக் நகரிலும் பயின்று, சோபியாவின் கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 1971இல் மறைந்தவர். பழைய மடங்களும் முற்றங்களும் மர விறாந்தைகளும் அவருடைய மரச்செதுக்கு அச்சுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. பலகையில் வெட்டிய இடம் வெள்ளையாகவும், வெட்டாமல் விட்ட இடம் மை ஏறிக் கறுப்பாகவும் தாளில் பதிவதே மரச்செதுக்கு அச்சு. அவருக்கு முன்பே சமோக்கோவில் புனிதர்களின் உருவங்களைக் கட்டையில் வெட்டி அச்சிட்டு விற்கும் வழக்கம் இருந்தது. நல்லூர்த் திருவிழாக் கடைகளில் சுவாமிப் படம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவதைப் போன்றதுதான் அதுவும். கறுப்பு மையும் ஒரு பலகையும் கொண்டு அந்த வழியில் ஓர் அச்சை யாழ்ப்பாணத்தில் எப்படிச் செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மரம். ஐரோப்பியச் செதுக்குக் கலைஞர்கள் பேரி மரத்தை விரும்புவார்கள்; நமக்கு அதற்கு ஈடாகப் பூவரசு போதும். மரக்காலையில் 2 சென்ரிமீற்றர் தடிப்புள்ள, நன்றாகக் காய்ந்த பலகையாகக் கேட்டு, தச்சரிடம் கொடுத்துச் சீவுளி போடுவித்து, 20க்கு 15 சென்ரிமீற்றர் அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். வேம்பின் நார் ஒன்றையொன்று பின்னி ஓடுவதால் உளி வழுகும். முதிரை கைக்கு மிகக் கடினம். பனையைப் படத்தில் காட்டலாமே தவிர, அதன் சிராம்புகளை வைத்துக்கொண்டு கட்டையாகப் பயன்படுத்த முடியாது.

இனி, தொடக்கக்காரர் பெரும்பாலும் தவறுகின்ற இடத்துக்கு வருவோம். வெள்ளைத்தாளில் கோடுகளால் ஒரு படம் வரைந்து, அந்தக் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றெல்லாவற்றையும் வெட்டி எறிவதே அவர்களின் வழக்கம். அதற்கு ஒரு பேனாவே போதுமே! பல்கேரியாவின் ரீலா மடத்தின் முற்றத்தைச் சுற்றி நிற்கும் வளைவுகளை நினைத்துப் பாருங்கள். 1833இல் ஏற்பட்ட தீயின் பின்னர் மீளக் கட்டப்பட்ட அந்த மடத்தில், வளைவுகளில் கரும்பட்டையும் வெண்பட்டையும் மாறி மாறி ஓடுகின்றன. அவற்றின் உள்ளே நிழல் அடர்ந்து கிடக்கிறது. அங்கே இருளே முதலில் கண்ணில் படுகிறது, வெளிச்சம் அதனுள் வெட்டித் திறந்ததைப் போல் இருக்கிறது. ஆகவே பலகை முழுவதையும் இந்தியன் இங்க் பூசிக் கறுப்பாக்கி, காய்ந்த பின் வெண்கட்டியால் வெளிச்சத்தை மட்டும் வரையுங்கள். உளி போன இடமெல்லாம் மரத்தின் நிறம் வெளுத்துத் தெரிவதால், அச்சிடுவதற்கு முன்பே படம் ஏறத்தாழக் கண்முன் நிற்கும்.

எதை வரைவது என்று தயங்குவோருக்கு நான் சொல்வது சங்கடப்படலை, அதாவது கூரை வேய்ந்த வீட்டு வாசற்படலை. கூரையின் கீழுள்ள இருட்டு, அதனூடே தெரியும் வெயில் படிந்த ஒழுங்கை, ஓலையின் விளிம்பில் வரிவரியாக விழும் ஒளி ஆகிய மூன்றும் சேர்ந்தால் மரச்செதுக்குக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிடும். கூரையின் அடிப்பாகத்தைத் தொடவே வேண்டாம். ஓலைக்கு வி வடிவ வாயுள்ள உளியால் மெல்லிய கீறல்கள் இடுங்கள். ஒழுங்கையை அகன்ற நகவுளியால் முழுவதும் எடுத்துவிடுங்கள். அச்சில் இடம் வலம் மாறும் என்பதை மறக்கவேண்டாம். என் முதல் அச்சில் ஆண்டைக் கண்ணாடியில் பிடித்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. எழுத்தோ எண்ணோ இருந்தால், எண்ணெய்த்தாளில் எழுதி, தாளைப் புரட்டிப் பலகையில் பதிப்பதே வழி.

செதுக்கும்போது மேசை விளிம்பில் ஒரு றீப்பை அடித்து, பலகையை அதில் முட்டவைத்துக்கொண்டால் அது நகராது. பலகையைப் பிடிக்கும் கை எப்போதும் உளியின் பின்புறமே இருக்கட்டும். உளி மழுங்கினால் அது மரத்தை வெட்டாமல் கிழிக்கும். அரை மணிக்கொருமுறை சாணைக்கல்லில் எண்ணெய் விட்டுத் தீட்டுங்கள்.

மைக்கு அச்சகங்களில் கேட்டுப் பாருங்கள். ஓப்செற் கறுப்பு மையும் உதவும். மிகவும் இளகியிருந்தால் சிறிதளவு முகப்பவுடர் குழைத்துக்கொள்ளலாம். கண்ணாடித் துண்டில் ஒரு கரண்டி நுனியளவு மையை வைத்து இறப்பர் றோலரால் பரப்பும்போது, மெல்லிய சரசரப்பு ஒலி கேட்டால் மை அளவாக இருக்கிறது. சளசளவென்று ஒலித்தால் கூடிவிட்டது, நுண்ணிய கீறல்களை அது அடைத்துவிடும்.

தாள் மெல்லியதாக இருக்கவேண்டும். சோதனை அச்சுக்குப் பட்டம் கட்டும் வெள்ளை ரிசுத்தாளை விடச் சிறந்ததை நான் காணவில்லை. மை பூசிய பலகையின்மேல் தாளை ஒரே தடவையில் விரித்து, நன்றாக மினுக்கிய சிரட்டையின் புறப்பக்கத்தால் நடுவிலிருந்து வெளிப்புறமாக வட்டமிட்டுத் தேயுங்கள். அச்சுப்பொறி இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. கைத்தேய்ப்பில் எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்பது உங்கள் கையில் இருப்பதால் சாம்பல் நிறங்களும் கிடைக்கும். ஒரு மூலையை உயர்த்திப் பார்த்து, வெளுத்த இடங்களில் இன்னும் தேய்த்த பின்னரே தாளை உரியுங்கள்.

முதல் அச்சு ஒருபோதும் சரிவராது. மை மரத்தில் ஊற இரண்டு மூன்று தாள்கள் போகும். அதன் பிறகும் கறுப்பு கனமாகத் தோன்றினால் மேலும் வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால், ஒவ்வொரு சோதனை அச்சின் மீதும் வெண்கட்டியால் குறித்துப் பார்த்துவிட்டு உளியை எடுப்பது நல்லது. மாரி காலத்தில் எண்ணெய் மை காய ஒரு கிழமை கூட எடுக்கும். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். பலகையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும்.

காய்ந்த பின், படத்தின் கீழே பென்சிலால் இடது பக்கத்தில் 1/20 (இருபது பிரதிகளில் முதலாவது) என்றவாறு எண்ணும், நடுவில் தலைப்பும், வலது பக்கத்தில் கையொப்பமும் இடுவது உலக வழக்கம்.